நிதானம்

முப்பது வருஷங்களுக்கு மேல் ஓடிய என் அம்பாஸடர் காரின் பின்புறத்திலிருந்து இரண்டு மாத காலமாக எழுந்துகொண்டிருந்த ஓர் உறுமலைப் பற்றி நான் சொல்லத் தொடங்கியதும், புதுப்பேட்டைக்கு அருகே ஒரு சந்தில் வேப்பமர நிழலையே கூரையாகக் கொண்டு தொழில் நடத்திவந்த அந்த மேஸ்திரி செய்த முதல் காரியம், கையிலிருந்த ஸ்பானரைப் பனியன் வேஸ்டால் துடைத்து மரத்தடிப் பலகையின் மேல் வைத்ததுதான். அதன்பின் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் அவர் அதைத் தொடவில்லை. நம் வைத்திய நூல்களில் நோயின் மூலத்தை ஆராய்ந்து அறிவதற்கு ‘நிதானம்’ என்று பெயர். உலக வழக்கிலோ பதற்றமில்லாத நடைக்கு அதே சொல்லை வழங்குகிறோம். இந்த இரண்டு பொருளும் எப்படி ஒரே சொல்லில் வந்து குடியேறின என்று நான் முன்பெல்லாம் வியந்ததுண்டு. அன்று காலை அந்த வேப்பமரத்தடியில் நின்றபோது அந்த வியப்பு என்னை விட்டு நீங்கிற்று.

அதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்பு வேறொரு பட்டறையில் வண்டியை விட்டிருந்தேன். அங்கிருந்தவர் தெருமுனை வரை ஓட்டிப் பார்த்துவிட்டு, இடது பக்கத்துப் பேரிங் போய்விட்டது என்று தீர்ப்புச் சொல்லி, அன்று மாலையே புதுப் பேரிங்கும் போட்டுக் கொடுத்தார். உறுமல் இம்மியும் குறையவில்லை. பின்சக்கரத்தில் உறுமல் என்றால் எவருடைய மனமும் முதலில் பேரிங்கிடம்தான் ஓடும். அப்படி ஓடுவது பல சமயங்களில் சரியாகவும் போய்விடும். சரியாகப் போகும் அந்தச் சமயங்களில், தெரிந்து சொன்னவரையும் குருட்டாம்போக்கில் சொன்னவரையும் நாம் வேறு பிரித்து அறிய வழியில்லை. தவறாகப் போகும்போதுதான் இந்தத் தொழிலில் ஒரு வித்தை இருக்கிறது என்பதே நமக்குத் தெரியவருகிறது.

அம்பாஸடருக்கு நம் நாட்டில் அறிமுகம் வேண்டியதில்லை. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரை அடியொற்றி, கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் 1950-களின் பிற்பகுதியில் தொடங்கி 2014 வரை செய்யப்பட்டுவந்த அந்த வண்டி, எஞ்சினையும் முகத்தையும் பலமுறை மாற்றிக்கொண்டபோதிலும், பின்பாகத்தின் அடிப்படை அமைப்பைக் கடைசி வரை மாற்றிக்கொள்ளவில்லை. கனத்த இரும்புக் குழாய் ஒன்று ஒரு சக்கரத்திலிருந்து மறு சக்கரம் வரை நீள்கிறது. நடுவில் வயிறு பருத்தாற்போன்ற கூட்டுக்குள் கிரவுன் வீலும் பினியனும் எண்ணெயில் தோய்ந்தபடி சுழல்கின்றன. குழாயினுள் இரு பக்கமும் ஆக்ஸில் தண்டுகள், முனைகளில் பேரிங்கும் ப்ரேக் ட்ரம்மும் சக்கரமும். இவ்வளவையும் யு-போல்ட்டுகளால் இரண்டு பட்டை ஸ்பிரிங்குகளோடு இறுகப் பிணைத்து அவற்றின் வழியே வண்டியின் பாரத்தைத் தாங்கச் செய்திருக்கிறார்கள். மாட்டு வண்டியின் அச்சையும் குடத்தையும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த அமைப்பில் அந்நியமாக ஏதும் தோன்றாது.

அமைப்பு எளியது, ஆனால் அதன் நோய் எளிதில் புலப்படுவதில்லை. ஒரே இரும்புக் குழாயாதலால் இடக்கோடியில் பிறக்கும் ஓசை வலக்கோடிக்குத் தடையின்றிப் போய்விடுகிறது. ஸ்பிரிங்குகளின் வழியே மேலேறித் தகட்டால் ஆன உடலை அடைந்ததும், வீணையின் தந்தியில் எழுந்த நாதம் குடத்தில் புகுந்து பெருகுவது போல அது பெருகி, பின் ஆசனத்தில் இருப்பவருக்குத் தம் இருக்கையின் கீழிருந்தே எழுவதாகவும், ஓட்டுகிறவருக்கோ எல்லாத் திசையிலிருந்தும் எழுவதாகவும் தோன்றுகிறது. தர்க்க சாஸ்திரத்தில் பிரத்தியட்சம், அனுமானம் என்று அறிவின் வாயில்களைப் பிரித்துச் சொல்கிறார்கள் அல்லவா? இங்கே காது கொடுப்பது அனுமானம். பிரத்தியட்சம் கையால் மட்டுமே கிடைக்கும். அனுமானத்தை முடிந்தமட்டும் கூர்மையாக்கிக்கொண்ட பிறகே மேஸ்திரி கைக்கு வேலை கொடுத்தார்.

அவர் என்னைக் கேட்ட முதல் கேள்வி இதுதான்: “கொர்ருனு வருதா சார், இல்ல ஙொய்ங்னு வருதா?”

ஒலிக்குறிப்புச் சொற்களுக்குத் தமிழில் பஞ்சமே கிடையாது. இலக்கணப் பாடத்தில் அவற்றை மனப்பாடம் செய்து ஒப்பித்த நமக்கு, அந்தச் செல்வத்தை அன்றாடம் எடுத்துச் செலவு செய்கிறவர்கள் பட்டறைக்காரர்களே என்பது தெரியாது. ‘ஙொய்’ என்பது மெலிந்து நீண்டு உச்சத்தில் நிற்கும் ஊளை; பற்சக்கரங்கள் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தாதபோது கிரவுன் வீலிலும் பினியனிலும் பிறப்பது. ‘கொர்’ என்பது அடிவயிற்றிலிருந்து வருவது. பேரிங்குக்கும் டயருக்கும் பொதுவானது. ஆகவே வழக்கெல்லாம் அதைப் பற்றியே எழும். ‘கறகற’ என்றால் இரும்பை இரும்பு தின்கிறது என்று அர்த்தம்: பேரிங்கின் வளையம் செதில் செதிலாகப் பெயர்ந்திருக்கலாம், அல்லது ப்ரேக் லைனிங் தேய்ந்துபோய் அதன் ரிவெட்டுகள் ட்ரம்மை உராயலாம். மேடுபள்ளத்தில் மட்டும் ‘லொடலொட’ என்றால் ஷாக் அப்ஸார்பரின் புஷ்ஷையோ, ப்ரேக் ஷூவைப் பிடித்திருக்கும் சுருள்வில்லையோ பார்க்க வேண்டும். சுற்றுக்கு ஒரு முறை வந்துபோகும் ‘கிறீச்’, ட்ரம் கோணியிருப்பதையோ அதன் பின்னுள்ள தகடு உராய்வதையோ சொல்லும். வண்டி கிளம்பும்போதும் நிற்கும்போதும் ஒரே ஒரு ‘டக்’ கேட்டால் எங்கோ ஒரு பிணைப்பு தளர்ந்துவிட்டது. எங்கே என்பதுதான் கேள்வி. என் வண்டியில் ‘கொர்’ரும் இருந்தது, ‘டக்’கும் இருந்தது. இரண்டும் ஒரே நோயின் இரண்டு குறிகள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். “ரெண்டையும் தனித்தனியா வெச்சுக்கலாம் சார்,” என்றார் மேஸ்திரி. எனக்கு அன்று கிடைத்த முதல் பாடம் அது.

ஞாயிற்றுக்கிழமைக் காலையாதலால் தெருக்கள் வெறிச்சோடியிருந்தன. நான் ஓட்ட, அவர் பின் ஆசனத்தின் நடுவில் சற்று முன்னால் சாய்ந்து, கண்ணை மூடி உட்கார்ந்துகொண்டார். உறுமல் நன்றாகத் தெரிகிற வேகம் வந்ததும் க்ளட்சை மிதித்து கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவரச் சொன்னார். எஞ்சின் அடங்கிற்று, உறுமல் அடங்கவில்லை, வண்டியின் வேகம் தளரத் தளர அதுவும் உடன் தளர்ந்தது. இந்த ஒரு கேள்வியில் எஞ்சினும், க்ளட்சும், கியர் பெட்டிக்குள் எஞ்சினோடு சேர்ந்து சுழலும் சாமான்களும் விசாரணையிலிருந்து விடுதலை பெற்றுவிட்டன. அடுத்து, வேகத்தை மாற்றாமல் ஆக்ஸிலரேட்டரைச் சற்று அழுத்துவதும் விடுவதுமாகப் பழகச் சொன்னார். பற்சக்கரங்களின் சூட்சுமம் இங்கே இருக்கிறது: எஞ்சின் இழுக்கும்போது பற்களின் ஒரு முகமும், வண்டி எஞ்சினைத் தள்ளும்போது மறுமுகமும் பாரம் தாங்குகின்றன, ஆகையால் பல்லில் பிறக்கும் ஓசை காலின் அசைவுக்கு ஏற்பக் குரல் மாற்றிக்கொள்ளும், பேரிங்குக்கோ டயருக்கோ அதைப் பற்றி அக்கறை கிடையாது. என் வண்டியின் உறுமல் காலுக்குச் செவிசாய்க்கவில்லை. ஆனால் காலை எடுத்தபோதெல்லாம், உறுமலுக்கு மேலே மெல்லிய இழைபோல ஓர் ‘ஙொய்’ எழுந்து மறைவதை அதுவரை வருஷக்கணக்காக அந்த வண்டியை ஓட்டிய நான் அன்றுதான் கேட்டேன். மேஸ்திரி அதைக் கேட்டதற்கு அடையாளமாகத் தலையை ஒரு முறை அசைத்தாரே தவிர, ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு தெருவின் அகலத்தைப் பயன்படுத்தி வண்டியை மெதுவாக இடமும் வலமும் வளைக்கச் சொன்னார். இடப்புறம் திரும்பும்போது வண்டியின் பாரம் வலச்சக்கரத்தின் மேல் சாயும். வலப்பேரிங் நலிந்திருந்தால் அப்போது அதன் முனகல் ஓங்கும். மறுபுறம் திரும்பினால் தாழும். உறுமல் அதற்கும் அசைந்து கொடுக்கவில்லை. தார் ரோடு முடிந்து சிமெண்டுத் தளம் தொடங்கும் ஓரிடத்துக்குப் போனோம். தாரின் மேல் கொரகொரப்பாக இருந்த குரல், சிமெண்டின் மேல் ஏறியதும் ஒரு பிடி உயர்ந்து இறுகிற்று. திரும்பித் தாருக்கு வந்ததும் பழைய குரலுக்கே இறங்கிற்று. தண்டுக்கும் கூட்டுக்கும் நடுவே அடைபட்டுக் கிடக்கும் பேரிங்குக்குத் தன் கீழே ஓடும் சாலை தாரா, சிமெண்டா என்பது தெரியாது. தெரிந்துகொள்ளக்கூடிய உறுப்பு ஒன்றுதான் உண்டு. மேஸ்திரி கண்ணைத் திறந்தார். என்னிடம் அப்போதும் முடிவைச் சொல்லவில்லை.

அவருடைய முறைகளில் என் மனத்தை மிகவும் கவர்ந்தது மதில் பரீட்சை. நீளமான மதில் ஒன்றை ஒட்டியிருந்த குறுகலான தெருவில், கண்ணாடிகளையெல்லாம் இறக்கிவிட்டு, மதில் இடப்புறம் இருக்கும்படி ஒரு முறையும், திரும்பி வரும்போது வலப்புறம் இருக்கும்படி ஒரு முறையும் ஓட்டினோம். மதில், தன் பக்கம் உள்ள சக்கரத்தின் ஓசையை வாங்கி நம் காதுக்கே திருப்பித் தருகிறது. வண்டியின் தகடுகளின் வழியே வந்து குழம்பிய குரலுக்குப் பதிலாக, காற்றின் வழியே வந்த தெளிந்த குரல் கிடைக்கிறது. இரு புறமும் ஒரே உறுமல்தான் திரும்பி வந்தது. ஒரு பேரிங் கெட்டிருந்தால் மதில் பட்சபாதம் காட்டியிருக்கும்.

இனி ‘டக்’. அதைக் கேட்பதற்கு வேகம் உதவாது. அம்பாஸடரின் 15 அங்குலச் சக்கரத்தில் ஏறிய டயர் ஒரு முறை உருண்டால் வண்டி ஏறத்தாழ இரண்டு மீட்டர் நகரும். ஆகவே மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் விநாடிக்கு ஆறேழு முறையும், அதைச் சுழற்றும் ப்ரொபெல்லர் ஷாஃப்ட் அதைப்போல் நாலு மடங்குக்கு மேலும் சுற்றுகின்றன. அந்த அமளியில் எண்ணிக்கை ஏது? மனிதன் நடக்கும் வேகத்துக்கு இறங்கினாலோ, சக்கரம் ஒரு சுற்றுக்கு ஒன்றரை விநாடி எடுத்துக்கொள்கிறது. தாளம் போட்டு எண்ணிவிடலாம். மேஸ்திரி டயரின் பக்கவாட்டில் சாக்பீஸால் ஒரு கோடு கிழித்துவிட்டு, வண்டியோடு கூடவே குனிந்து நடந்தார். கோடு தரைக்கு வரும்போதெல்லாம் கூடவே வரும் ஓசை சக்கரத்துக்குச் சொந்தம். ஒரு சுற்றுக்கு நாலைந்து தரம் வருவது ஷாஃப்ட்டுக்குச் சொந்தம். கோட்டோடு ஒருபோதும் ஒட்டாமல், ஒரு சுற்றில் முந்தியும் மறு சுற்றில் பிந்தியும் வருவது பேரிங்கின் உருண்டைகளிடமிருந்து வரக்கூடும். இந்தக் கடைசிக் கூற்றில் ஓர் அழகான கணிதம் ஒளிந்திருக்கிறது. பேரிங்கின் உள்வளையம் தண்டோடு சுழலும் அமைப்பில், உருண்டைகளைத் தாங்கிய கூண்டு தண்டின் வேகத்தில் பாதிக்கும் சற்றுக் குறைவான வேகத்தில்தான் சுற்றிவருகிறது. அதனால் கெட்டுப்போன உருண்டையின் தாளமும் சக்கரத்தின் தாளமும் ஒருநாளும் சமத்தில் வந்து கூடுவதில்லை. மேஸ்திரி இந்தக் கணக்கைப் படித்தவர் அல்லர். “பேரிங்கு சத்தம் தாளத்துல நிக்காது சார்,” என்று மட்டும் சொன்னார்.

நடையின் வேகத்தில் உருண்டபோது எனக்கு அதுவரை கேட்டிராத ஒரு ‘டிக்’ கேட்டது. கோட்டோடு மிகச் சரியாக ஒட்டி வந்தது. டயரின் பள்ளத்தில் பதிந்திருந்த ஜல்லி அது. திருப்புளியின் முனையால் அவர் அதை நெம்பி எறிந்தார். வீல் கப்பைக் கழற்றி உள்ளே ஏதும் உருளுகிறதா என்றும் பார்த்தார். கப்புக்குள் அகப்பட்டுக்கொண்ட சிறு கல் ஒன்று, ஆக்ஸிலே முறிந்துவிட்டதோ என்று எண்ணும்படியான கலவரத்தை உண்டாக்கும் என்று சொன்னார். கப்பு அகன்றதும் நட்டுகளைப் பார்த்தார்: நட்டு அமரும் இடத்திலிருந்து துருவின் செந்நிறக் கோடு கசிந்திருந்தால் அந்த நட்டு தளர்ந்து வெகு நாளாயிற்று என்று பொருள். தளர்ந்த நட்டோடு சில நூறு கிலோமீட்டர் ஓடிய சக்கரத்தில் துளைகள் முட்டை வடிவமாகத் தேய்ந்துபோகும். அப்புறம் எவ்வளவு முறுக்கினாலும் பிடிப்பு நிற்காது. பின்சக்கரத்தைப் பற்றிய விசாரணையில் வேறு எதையும் தேடுமுன் இதைப் பார்த்துவிட வேண்டும் என்பதில் அவர் கண்டிப்பாக இருந்தார். நட்டுகள் சுத்தமாக இருந்தன.

அதன் பின்பு ஒரு சின்ன உபாயம். பழைய கார்களில் ஹேண்ட் பிரேக் பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கும். மெல்ல ஓடும் வண்டியில் அதை ஒரு பல், இரண்டு பல் ஏற்றினால், முன்சக்கரங்களைத் தொடாமல் பின்புறத்து ஷூக்களை மட்டும் ட்ரம்மில் ஒட்டவைத்துப் பார்க்கலாம். ஓசை சட்டென்று நின்றால், தளர்ந்து கிடந்த ஷூ. கைப்பிடியில் விட்டுவிட்டு ஒரு துடிப்புத் தெரிந்தால், வட்டம் கெட்ட ட்ரம். என் வண்டியில் இரண்டும் இல்லை. ஆனால் ஹேண்ட் பிரேக் பிடித்தும் விட்டும் முன்னும் பின்னுமாக நகர்த்தும்போது ‘டக்’ தெளிவாக வந்தது. சக்கரத்திலிருந்து அல்ல, அதற்குச் சற்றுப் பின்னால், ஸ்பிரிங்கின் வால் வண்டியோடு சேரும் இடத்திலிருந்து. மேஸ்திரி அங்கே விரலை வைத்துக்கொண்டு என்னை மறுபடி நகர்த்தச் சொன்னார். ஷாக்கிளின் ரப்பர் புஷ் தேய்ந்து, ஊசி முள்ளின் அகலத்துக்கு வெளிச்சம் தெரிந்தது. ஸ்பிரிங் பட்டைகளைக் கோத்து நிறுத்தும் நடு போல்ட் உடைந்திருந்தாலும் இதே ‘டக்’ வரக்கூடும். அப்போது ஆக்ஸிலே ஒரு பக்கம் பின்னால் நகர்ந்து, வண்டி யாரோ பின்னாலிருந்து திருப்புவது போல அலையும். அந்தச் சந்தேகத்தையும் தீர்க்க ஒரு கயிற்றை எடுத்து, முன்சக்கரத்தின் மையத்திலிருந்து பின்சக்கரத்தின் மையம் வரை இரு பக்கமும் அளந்து பார்த்தார். 97 அங்குலம் இருக்க வேண்டிய அந்த நீளம் இரு புறமும் ஒன்றாகவே இருந்தது.

இவ்வளவும் ஆன பிறகுதான் ஜாக்கி வெளியே வந்தது.

‘ஆட்டம்’ என்று பட்டறைகளில் வழங்கும் சொல்லுக்கு ஈடான சொல் எனக்குத் தெரிந்தவரை வேறில்லை. கூத்தையும் விளையாட்டையும் குறிக்கும் அதே சொல், இரண்டு உறுப்புகளுக்கு இடையே இருக்கத் தகாத இடைவெளியையும் குறிக்கிறது. பேரிங்கில் ஆட்டம், புஷ்ஷில் ஆட்டம், ஜாயிண்ட்டில் ஆட்டம் என்று அதைக் கேட்கும்போது, கட்டுண்டு கிடக்க வேண்டிய ஒரு ஜடப்பொருள் நம்மை அறியாமல் உள்ளே ஆடிக்கொண்டிருக்கும் காட்சி கண்முன் வருகிறது. மேஸ்திரி முன்சக்கரங்களுக்குக் கல் அண்டை கொடுத்து, ஆக்ஸிலை ஜாக்கியால் உயர்த்தி, உடனே ஆக்ஸிலின் கீழ் மரக்கட்டைகளைச் செருகினார். ஜாக்கியை மட்டும் நம்பி ஒரு விரலைக்கூட அவர் வண்டியின் அடியில் நீட்டியதில்லை. ஒரு சக்கரம் மட்டும் தூக்கியிருக்கும்போது எஞ்சினை ஓடவிட்டு கியரில் போடுவதையும் அவர் அனுமதிப்பதில்லை. தரையிலுள்ள சக்கரம் அசையாமல் நிற்க, தூக்கிய சக்கரம் வழக்கத்தைவிட இரு மடங்கு வேகத்தில் சுழலும் என்பதும், கட்டை கொஞ்சம் நழுவினால் வண்டி பாய்ந்துவிடும் என்பதும் அவருக்குப் பழக்கத்தில் தெரிந்தவை.

முதலில், புதுப் பேரிங் போட்ட இடச்சக்கரம். ஒரு கை உச்சியிலும் ஒரு கை அடியிலும் வைத்து, ஒன்றைத் தள்ளி ஒன்றை இழுத்தார், அசைவில்லை. பிறகு வலச்சக்கரத்துக்கு வந்தார். அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு மாதமாக ஒரு தனிக்குரலும் வந்ததில்லை. மதில்கூட அதன்மேல் குற்றம் சொல்லவில்லை. கைகளை வைத்துத் தள்ளினார். மிகச் சிறிய அசைவு. பார்க்க முடிந்ததைவிட அவர் முகத்தில்தான் அது எனக்குத் தெரிந்தது. சக்கரம் ஒரு நெம்புகோல்: பேரிங்கினுள் மயிரிழை அளவு தேய்மானம் விளிம்புக்கு வருவதற்குள் பன்மடங்கு பெருகி, பழகிய கைக்கு ஒரு வாக்கியமாகவே கேட்கிறது. கைகளை இடமும் வலமுமாக மாற்றி வைத்து மறுபடி அசைத்தார். அங்கும் அதே அசைவு. என்னை உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதிக்கச் சொன்னார். மிதித்தேன், ஆட்டம் நின்றது. விட்டேன், வந்தது.

இந்தச் சோதனையின் நேர்த்தியை நான் எத்தனை முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன்! பிரேக் அழுந்தியிருக்கும்போது, சக்கரத்தோடு சுழலும் ட்ரம்மும், ஆக்ஸில் கூட்டோடு அசையாமல் நிற்கும் தகடும் ஷூக்களால் ஒன்றாகக் கட்டப்பட்டுவிடுகின்றன. அவற்றின் நடுவே இருக்கும் பேரிங்கின் ஆட்டத்துக்கு இடமில்லாமல் போகிறது. அப்போதும் சக்கரம் அசைந்துகொண்டிருந்தால் தவறு பேரிங்கில் இல்லை. நட்டிலோ ஸ்பிரிங்கின் பிணைப்பிலோ தேட வேண்டும். காலை அழுத்துவது, எடுப்பது, அவ்வளவே. ஒரு திருகைக்கூடத் தளர்த்தாமல் உள்ளே உள்ளதைப் பார்த்தாயிற்று. சக்கரத்தைச் சுழலும் திசையிலேயே முன்னும் பின்னுமாகத் திருப்பினால் ஓரளவு வெற்று அசைவு இருக்கத்தான் செய்யும். பற்களின் இடைவெளியும் ஜாயிண்ட்டின் இடைவெளியும் சேர்ந்து விளிம்பில் தெரியும் அந்த அசைவு பழைய வண்டிக்கு இயல்பு. அதைப் பேரிங்கின் ஆட்டமென்று மயங்கி டிஃபரன்ஷியலையே பிரித்துவிடுகிறவர்களும் உண்டாம்.

வண்டிக்கு வண்டி இந்தக் கைப்பாடமும் மாறுகிறது. 1960-களில் நம் சென்னையிலேயே செய்யப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டில் பின்சக்கரங்களுக்கு ஒரே அச்சு கிடையாது. குறுக்கே கிடக்கும் ஒற்றைப் பட்டை ஸ்பிரிங்கின் கீழ் ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியே சிறகுபோல ஏறி இறங்கும். ஜாக்கியில் தூக்கினால் சக்கரத்தின் அடிப்பக்கம் உட்புறமாக மடங்கித் தொங்குவதைக் கண்டு, எல்லாம் தளர்ந்துவிட்டது என்று புதியவர்கள் திகைப்பது சகஜம். ஹப் அங்கே கூம்பு வடிவத் தண்டின் மேல் ஒரு சாவியோடு இறுகி அமர்ந்திருக்கும். அந்த இறுக்கம் கொஞ்சம் விட்டால் கிளம்பும்போது ஒரு ‘டக்’. அதைக் கழற்றுவதோ பலம் வாய்ந்த புல்லருக்கும் பொறுமைக்கும் சோதனை. பிற்பாடு வந்த ஸ்டாண்டர்டு கேஸலில் அந்தச் சிறகமைப்பை விட்டுவிட்டு நேர் அச்சுக்கே திரும்பினார்கள். ஹெரால்டைத் தொட்டு வளர்ந்த கை தனி ரகம் என்று மேஸ்திரி ஒரு மரியாதையோடு சொன்னார்.

நீண்ட திருப்புளி ஒன்றின் முனையை வலப்பக்கத் தகட்டில் ஊன்றி, மரப்பிடியைக் காதெலும்பில் அழுத்தி, என்னைச் சக்கரத்தைக் கையால் சுழற்றச் சொன்னார். கேட்டுவிட்டு என் காதிலும் வைத்தார். மணலின் மேல் யாரோ மெத்தென்று நடப்பது போன்ற ஒன்று, இடப்பக்கத்திலோ மௌனம். தேய்ந்த பேரிங் ஏன் இத்தனை நாள் வாய் திறக்கவில்லை? விடை தகட்டின் அடிவிளிம்பில் ஈரமாக இருந்தது. அவர் அதை விரலில் தொட்டு முகர்ந்தார். பிரேக் ஆயிலுக்கு அந்த நெடி இல்லை. டிஃபரன்ஷியலுக்கு ஊற்றும் கெட்டி எண்ணெய்க்கே உரிய கந்தக வாசனை அது. உடனே அவர் வலப்பக்கத்தை விட்டுவிட்டு ஆக்ஸிலின் மேல்புறத்துக்குப் போனார். அங்கே கூட்டுக்குள் இருக்கும் காற்று வெளியேற ஒரு சிறு மூச்சுத்துளை உண்டு. சேறு படிந்து அது அடைபட்டிருந்தது. ஓட்டத்தில் எண்ணெய் சூடேறிக் காற்று விரியும்போது, போக வழியில்லாமல் அது எண்ணெயையே ஆயில் சீலைக் கடந்து வெளியே தள்ளியிருக்கிறது. தள்ளப்பட்ட எண்ணெய் பேரிங்கின் கிரீஸைக் கழுவிக்கொண்டு போயிற்று. அதே எண்ணெய்தான் தேய்ந்த பேரிங்கைச் சப்தமில்லாமலும் ஓட்டிக்கொண்டிருந்தது. உரக்க உறுமியதில் பேரிங்குக்குப் பங்கில்லை. கெட்டிருந்த பேரிங்கோ உறுமவில்லை.

அப்படியானால் அந்த உறுமல்? மேஸ்திரி என் உள்ளங்கையைப் பிடித்துப் பின் டயரின் மேல் வைத்து, உருளும் திசையில் ஒரு தரமும் எதிர்த்திசையில் ஒரு தரமும் தடவச் செய்தார். ஒரு புறம் வழுவழுப்பு. மறுபுறம் ரம்பத்தின் பல்லைத் தடவுவது போலக் கை தடைப்பட்டது. டயரின் கட்டங்கள் ஒவ்வொன்றும் ஒரு விளிம்பில் உயர்ந்தும் மறு விளிம்பில் தாழ்ந்தும் தேய்ந்திருந்தன. இரண்டு வருஷமாக டயர்களை இடம் மாற்றாமல் ஓட்டியதன் பலன். பின்னிரண்டையும் முன்னுக்குக் கொண்டுபோய் மாட்டி ஒரு சுற்று ஓட்டினோம். உறுமல் எழுந்து வந்து என் காலடியில் உட்கார்ந்துகொண்டது.

அப்போதுதான் அவர் ஸ்பானரைக் கையில் எடுத்தார். மிச்ச வேலையை விவரிக்க வேண்டியதில்லை. ட்ரம் கழன்றது, ஹப் புல்லருக்கு வசப்பட்டது, பேரிங்கிலிருந்து வழிந்த எண்ணெயில் ஜிகினாத் தூள் போல இரும்பு மினுங்கிற்று. புதுப் பேரிங், ஆயில் சீல், ஷாக்கிள் புஷ். மூச்சுத்துளைக்கு ஒரு கம்பியும் மண்ணெண்ணெயும். நனைந்த ஷூக்களைத் துடைத்து மறுபடி மாட்டச் சொன்னேன். எண்ணெய் குடித்த லைனிங் திரும்பப் பிடிக்காது என்று மறுத்து, இரு பக்கமும் புதிதாகப் போட்டார்.

காலை எடுத்தால் எழும் அந்த மெல்லிய ‘ஙொய்’யைப் பற்றி நானே கேட்டேன். கிரவுன் வீலும் பினியனும் தொழிற்சாலையிலேயே ஜோடியாகச் சேர்த்து இழைக்கப்படுகிறவை, ஜோடியாகவே விற்கப்படுகிறவை, முப்பது வருஷத்தில் அவை ஒன்றின் தேய்மானத்துக்கு ஏற்ப மற்றொன்று தேய்ந்து ஓர் ஒப்பந்தத்துக்கு வந்திருக்கின்றன. “அதைப் பிரிச்சா திரும்ப இந்த மாதிரி சேராது சார். எண்ணெ மட்டும் சரியா இருக்கட்டும்,” என்றார். அளவுத் திருகைத் திறந்து, விளிம்பு வரை எண்ணெய் நிரப்பி மூடினார்.

ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை ஒரு தரம் முறுக்கிப் பார்க்க வேண்டும் என்பது அவர் கடைசியாகச் சொன்னது. மறுநாள் செங்கல்பட்டுக்குப் போகும் வழியில் ஒரு புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தி, வீல் கப்பைக் கழற்றி ஸ்பானரைப் போட்டேன். வலச்சக்கரத்தில் ஒரே ஒரு நட்டு கால் சுற்று உள்ளே போயிற்று. மற்றவை அசையவில்லை.